எரேமியா 29:11 – அந்தக் கடிதம் யாருக்கு வந்தது?

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மணி பன்னிரண்டு தாண்டி, ஜெபம் முடிந்ததும், ஒரு தட்டிலோ கூடையிலோ சின்னச் சின்ன அட்டைகள் வரும். பார்க்காமல் ஒன்றை எடுக்கணும். அதில் அச்சாகியிருக்கும் பைபிள் வசனம்தான் அந்த வருஷத்துக்கு உங்களுடைய வாக்குத்தத்தம். வீட்டுக்கு வந்ததும் அது பிரிட்ஜ் கதவில் ஒட்டப்படும், இல்லைன்னா பைபிளுக்குள் போய்விடும். விடிவதற்குள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகவும் ஆகிவிடும்.

அந்த அட்டைகளில் அடிக்கடி கண்ணில் படுகிற ஒன்று எரேமியா 29:11. அதன் சாரம் இது: கடவுள் உங்களைப் பற்றி என்ன நினைத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும், அந்த நினைவுகள் கேட்டுக்கானவை இல்லை, நலத்துக்கானவை, உங்களுக்கு ஒரு பின்காலம் உண்டு. பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்கும், வேலை தேடுகிறவருக்கும், ஆஸ்பத்திரியில் இருக்கிறவருக்கும் இந்த வசனத்தைத்தான் அனுப்புகிறோம்.

இந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. அந்தக் கடிதத்துக்கு எழுதியவர் இருக்கிறார், பெறுநர்கள் இருக்கிறார்கள், காலம் இருக்கிறது, எடுத்துப்போன ஆட்களின் பெயர்கூட இருக்கிறது. நான் இறையியல் படித்தவன் இல்லை. மென்பொருள் வேலை பார்க்கிறவன். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு: லாக் ஃபைலில் ஒரே ஒரு வரியை வைத்து முடிவுக்கு வரக்கூடாது, மேலே பத்து வரி, கீழே பத்து வரி பார்க்கணும். அதே பழக்கத்தில் இந்தக் கடிதத்தை முழுசாகப் பார்ப்போம். கடவுளின் வாக்குத்தத்தத்தை நம்புவது என்றால் என்ன என்ற கேள்விக்கு அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்றும் பார்ப்போம்.

கடிதம் வந்த சூழ்நிலை

கி.மு. 597. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடிக்கிறான். இதற்குப் பைபிளுக்கு வெளியேயும் சாட்சி இருக்கு. பாபிலோனிய வரலாற்றுக் குறிப்புகள் என்று சொல்லப்படும் களிமண் பலகைகளில் ஒன்று, இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1956-ல் டி.ஜே. வைஸ்மன் அதை வெளியிட்டார். யூதாவின் நகரத்தைப் பிடித்தது, ராஜாவைச் சிறைப்பிடித்தது, தனக்குப் பிடித்த ஒருவனை ராஜாவாக வைத்தது எல்லாம் அதில் வருகிறது. நாளும் குறித்திருக்கிறார்கள். நம் கணக்கில் அது கி.மு. 597 மார்ச் 16.

சிறைப்பட்ட ராஜா யோயாக்கீன். ராஜாக்கள் புத்தகத்தின்படி வயசு பதினெட்டு, ஆண்டது மூன்றே மாதம். அவனோடு அவன் அம்மா, அரண்மனை அதிகாரிகள், போர்வீரர்கள், தச்சர்கள், கொல்லர்கள் என்று ஊரில் கைவேலை தெரிந்தவர்கள் எல்லோரையும் கொண்டுபோனார்கள். ஒரு ஊரை மறுபடி எழுந்திருக்க விடாமல் செய்ய இதைவிட நல்ல வழி இல்லை. எருசலேமில் யோயாக்கீனின் சித்தப்பா சிதேக்கியாவை ராஜாவாக உட்கார வைத்தார்கள்.

பாபிலோன் எவ்வளவு தூரம்? நேராகப் பாலைவனத்தைக் கடக்க முடியாது. வடக்கே சுற்றி, ஐப்பிராத்து நதியை ஒட்டி இறங்கி வரணும். பிற்காலத்தில் எஸ்றா எதிர்த்திசையில் அதே பாதையில் வந்தபோது நாலு மாதம் ஆனது. அப்படிப்பட்ட தூரத்தில், கோயில் இல்லாத ஊரில், தெரியாத மொழிக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா ஒரு கடிதம் அனுப்புகிறார். சிதேக்கியா ராஜா பாபிலோனுக்கு அனுப்பிய தூதர்களான எலெயாசாவும் கெமரியாவும் அதை எடுத்துப் போகிறார்கள்.

அவர்கள் எதிர்பார்த்த செய்தி

கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்னால், 28-ம் அதிகாரத்தைப் பார்த்தே ஆகணும். அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார்.

எரேமியா அப்போது கழுத்தில் ஒரு மர நுகத்தைப் போட்டுக்கொண்டு திரிகிறார். நம்ம ஊரில் மாட்டுக் கழுத்தில் பூட்டுகிற நுகத்தடி மாதிரிதான். பாபிலோனின் ஆட்சிக்குப் பணிந்து இருங்கள், இது சீக்கிரம் முடியாது என்பதற்கு அடையாளம். அனனியா ஆலயத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நேர் எதிராகச் சொல்கிறார். இரண்டே வருஷம். கொள்ளைபோன ஆலயப் பாத்திரங்கள் திரும்பி வரும், யோயாக்கீன் திரும்பி வருவான், போன எல்லோரும் வருவார்கள். சொல்லிவிட்டு எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு பேருமே கர்த்தர் சொல்கிறார் என்று ஆரம்பித்துத்தான் பேசுகிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களுக்கு எது அசல், எது போலி என்று எப்படித் தெரியும்? அனனியாவின் பேச்சில் விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. கேட்கிறவனுக்கு உற்சாகம் தருவதும் அவர் பேச்சுதான்.

எரேமியாவின் முதல் பதில் "ஆமென்". கர்த்தர் அப்படியே செய்யட்டும் என்கிறார். அவருக்கும் அந்த ஜனம் திரும்பி வரணும் என்றுதான் ஆசை. அதற்குப் பிறகு ஒரு அளவுகோலைச் சொல்கிறார்: சமாதானம் வரும் என்று சொல்கிற தீர்க்கதரிசியைக் கர்த்தர் அனுப்பினாரா என்பது அந்தச் சொல் நிறைவேறும்போது தெரியும். நுகத்தை உடைத்ததும் எரேமியா வாக்குவாதம் பண்ணவில்லை. பேசாமல் போய்விடுகிறார். பிறகுதான் அவருக்குப் பதில் வருகிறது: மரநுகம் போய், இனி இரும்புநுகம். அந்த வருஷமே அனனியா இறந்துபோகிறார். இரண்டு வருஷத்தில் யாரும் திரும்பி வரவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கடவுளின் பெயரால் வருகிற இனிப்பான வாக்கு எல்லாமே கடவுளின் வாக்கு ஆகிவிடாது என்பது 29:11-க்கு ஒரு பக்கம் முன்னால் எழுதப்பட்டிருக்கிறது. அட்டையில் அந்தப் பக்கம் வருவதில்லை.

கடிதத்துக்குள் என்ன இருக்கு?

29-ம் அதிகாரத்தின் 4-லிருந்து 7 வரையிலான வசனங்களை என் வார்த்தையில் சொல்கிறேன். வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள். கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் கல்யாணம் பண்ணி வையுங்கள். குறைந்துபோகாமல் பெருகுங்கள். உங்களைக் கொண்டுபோய் வைத்த அந்த ஊரின் நலத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள்; அது நன்றாக இருந்தால்தான் நீங்களும் நன்றாக இருப்பீர்கள்.

கடைசி வாக்கியத்தை யோசித்துப் பாருங்க. தங்கள் ஊரை அழித்தவனுடைய ஊருக்காக ஜெபம் பண்ணச் சொல்கிறது கடிதம்.

8, 9 வசனங்களில் ஒரு எச்சரிக்கை: உங்கள் நடுவில் இருக்கும் தீர்க்கதரிசிகளிடம் ஏமாறாதீர்கள். 10-ம் வசனத்தில் தேதி வருகிறது. பாபிலோனுக்கு எழுபது வருஷம் நிறைவேறின பிறகு உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன். அதற்கு அடுத்துத்தான் நம்முடைய 11-ம் வசனம்.

ஒரு சின்னக் கணக்கு. நாடு கடத்தப்பட்டபோது ஒருவருக்கு 25 வயசு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபது வருஷம் கழித்து 95. கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த பெரியவர்களில் அநேகமாக எல்லோருக்கும் அந்தக் கணக்கு புரிந்திருக்கும்: இது நடக்கும்போது நாம் இருக்க மாட்டோம். நாம் ஆறுதல் வசனமாக அனுப்புகிற இந்த வரி, முதலில் படித்தவர்களுக்கு நீங்கள் திரும்பிப் போகப் போவதில்லை என்ற செய்தியோடு சேர்ந்துதான் போனது.

கோபமும் வந்தது. அதே அதிகாரத்தின் கடைசியில் செமாயா என்ற ஒருவர் பாபிலோனிலிருந்து எருசலேம் ஆசாரியனுக்குப் புகார்க் கடிதம் எழுதுகிறார். இது நீண்டகாலம் ஆகும், வீடு கட்டுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறானே, இந்த எரேமியாவை ஏன் இன்னும் தொழுமரத்தில் மாட்டவில்லை என்பது புகார்.

மூன்று சொற்கள்

முதலாவது "உங்கள்". எபிரெய மூலத்தில் இது பன்மை. ஒரு ஜனக்கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது. தமிழில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கு. "நீங்கள்" என்பது பன்மையும்தான், மரியாதை ஒருமையும்தான். பழைய தமிழ் வேதாகமத்தில் கடவுள் தனி ஆளிடம் பேசினால் "நீ", "உன்" என்றுதான் வரும். "நீங்கள்" வந்தால் அது பலரைக் குறிக்கும். ஆனால் அட்டையில் தனியாகப் படிக்கும்போது, யாரோ மரியாதையாக நம்மைக் கூப்பிட்ட மாதிரி காதில் விழுகிறது.

இரண்டாவது "ஷாலோம்". தமிழில் சமாதானம். சண்டை இல்லாத நிலை மட்டுமல்ல, முழுமை, நலம், செழிப்பு எல்லாம் அதில் அடங்கும். 11-ம் வசனத்தில் கடவுளின் நினைவுகளைப் பற்றிச் சொல்லும் சொல் இதுதான். 7-ம் வசனத்தில் பாபிலோனின் நலத்தைத் தேடச் சொல்லும் இடத்தில் மூன்று தடவை வருவதும் இதே சொல்தான். அதாவது அவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட ஷாலோமும், எதிரி ஊருக்காக அவர்கள் தேட வேண்டிய ஷாலோமும் ஒரே கடிதத்தில், ஒரே சொல்லில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட முடியாது.

மூன்றாவது "வாக்குத்தத்தம்". வாக்கு, தத்தம் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. தத்தம் என்றால் கொடுத்துவிட்டது. தத்துக் கொடுப்பதில் இருப்பதும் அதே வேர்தான். நீர் வார்த்துக் கொடுத்த தானத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது, அழகான சொல். ஆனால் எபிரெயத்தில் வாக்குறுதிக்கு என்று தனிச் சொல்லே கிடையாது. சொன்னேன், பேசினேன், என் வார்த்தை என்றுதான் வரும். 10-ம் வசனத்திலும் அப்படித்தான், நல்ல வார்த்தை என்று இருக்கிறது. ஒருவர் சொன்ன சொல்லே போதும், அதற்கு மேல் தனி உத்தரவாதப் பத்திரம் வேண்டாம் என்றால், முழு எடையும் சொன்னவர் மேல்தான் விழுகிறது. "ஆமென்" என்ற சொல்லும், எபிரெயத்தில் நம்புதலைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து வருபவை. உறுதியாக நிற்பது என்பது அந்த வேரின் பொருள். நம்புவது என்றால் ஒன்றின் மேல் எடையைப் போட்டு நிற்பது.

வீடு கட்டினார்களா?

சரி, கடிதம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்?

1899 முதல் 1917 வரை ராபர்ட் கோல்டவே என்ற ஜெர்மானியர் பாபிலோனில் அகழாய்வு செய்தார். அரண்மனைப் பகுதியில் கிடைத்த களிமண் பலகைகளில் சில, அரண்மனைக் கிடங்கிலிருந்து யாருக்கு எவ்வளவு எண்ணெய் கொடுக்கப்பட்டது என்ற கணக்குகள். நம்ம ரேஷன் கடைப் பதிவேடு மாதிரி. 1939-ல் எர்ன்ஸ்ட் வைட்னர் அவற்றைப் படித்து வெளியிட்டபோது, யூதாவின் ராஜா யோயாக்கீன், அவருடைய ஐந்து பிள்ளைகள் என்ற பதிவு அதில் இருந்தது. பதினெட்டு வயசில் போனவருக்குப் பாபிலோனில் பிள்ளைகள் பிறந்திருந்தன.

இன்னொரு தொகுப்பும் உண்டு. அல்-யாகூது, அதாவது யூதாவூர் என்று பெயர் வைத்த ஒரு கிராமத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் பற்றிய களிமண் ஆவணங்கள். சுமார் கி.மு. 572 முதல் 477 வரையிலான காலத்தவை. லாரி பியர்ஸ், கொர்னேலியா வுன்ஷ் இருவரும் 2014-ல் ஏறக்குறைய நூறு பலகைகளை வெளியிட்டார்கள். இவை முறையான அகழாய்வில் கிடைத்தவை இல்லை, பழம்பொருள் சந்தை வழியாக வந்தவை. அதையும் சொல்லிவிடணும். உள்ளே இருப்பது முழுக்க அன்றாட விஷயம்: பார்லி, பேரீச்சை, குத்தகை, கடன், வரி, மாடு. பெயர்களில் யாகூ என்ற கடவுள் பெயர் ஒட்டிக்கொண்டு வருகிறது. மூன்று, நாலு தலைமுறைகளாக நிலத்தில் வேலை செய்த குடும்பங்கள் தெரிகின்றன.

வீடு, தோட்டம், பிள்ளைகள். கடிதத்தில் இருந்த பட்டியல் அப்படியே கணக்குப் புத்தகத்தில் வந்து நிற்கிறது.

என்னை ரொம்ப யோசிக்க வைத்த இடம் இதுதான். வீடு கட்டு, கல்யாணம் பண்ணு என்ற கட்டளைகளும் எழுபது வருஷ வாக்கும் தனித்தனி விஷயங்கள் இல்லை. அனனியாவை நம்பி, இரண்டு வருஷத்தில் கிளம்பிவிடுவோம் என்று மூட்டையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தால், எழுபது வருஷம் கழித்துத் திரும்பிப் போக ஆளே இருந்திருக்காது. யோயாக்கீன் திரும்பவில்லை. முப்பத்தேழு வருஷம் கழித்துச் சிறையிலிருந்து விடுதலையாகி, பாபிலோன் ராஜாவின் பந்தியில் சாப்பிட்டார் என்பதோடு அவர் கதை முடிகிறது. திரும்பிப் போன கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய செருபாபேல் அவருடைய பேரன். அன்றாட வேலையைச் செய்ததுதான் வாக்கு நிறைவேற வழியாக இருந்தது.

பதினேழு சேக்கல்

அவர்களுக்கு அறிவுரை சொன்ன எரேமியா, தன் பங்குக்கு என்ன செய்தார்? 32-ம் அதிகாரம்.

கி.மு. 588 அல்லது 587. பாபிலோன் படை மறுபடி வந்து எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது. தோல்வி வரும் என்று சொன்னதற்காக எரேமியாவைக் காவல் முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அங்கே அவருடைய சித்தப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கொள் என்கிறார். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர், எரேமியாவின் சொந்த ஊர். அந்த ஊர்க்காரர்கள் முன்னொரு காலத்தில் அவரைக் கொல்லவே திட்டம் போட்டவர்கள். சுற்றி எதிரிப் படை இருக்கும்போது நகரத்துக்கு வெளியே இருக்கும் அந்த நிலத்துக்கு என்ன விலை இருக்கும்?

எரேமியா வாங்குகிறார். பதினேழு சேக்கல் வெள்ளி. ஒரு சேக்கல் ஏறக்குறைய 11.4 கிராம், மொத்தம் சுமார் 195 கிராம். தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். பத்திரம் இரண்டு: ஒன்று முத்திரை போட்டு மூடியது, இன்னொன்று திறந்தபடி இருப்பது. திறந்ததைப் படித்துக்கொள்ளலாம், அதில் யாரோ கை வைத்ததாகச் சந்தேகம் வந்தால் மூடியதை உடைத்துச் சரிபார்க்கலாம். கிட்டத்தட்ட இதே முறையில் எழுதிச் சுருட்டிக் கட்டிய பத்திரங்கள் சாக்கடல் பக்கத்துக் குகைகளில் கிடைத்திருக்கின்றன, பிற்காலத்தவை. இரண்டையும் மண்பானையில் போட்டு, ரொம்ப நாள் இருக்கும்படி வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் வயலும் திராட்சைத்தோட்டமும் வாங்கப்படும் என்பதற்கு அடையாளமாக.

அடுத்து நடப்பதைப் பலர் வேகமாகத் தாண்டிவிடுவோம். பணம் கொடுத்து, பத்திரம் முடித்த பிறகு, எரேமியா தனியாக ஜெபம் பண்ணுகிறார். கடவுளின் வல்லமையைப் புகழ்ந்து ஆரம்பித்து, கடைசியில் கேட்கிறார்: நகரம் கல்தேயர் கையில் போய்க்கொண்டிருக்கிறது, நீரோ பணம் கொடுத்து நிலத்தை வாங்கு என்று சொன்னீரே!

வரிசையைப் பாருங்க. முதலில் பணம், பிறகு கேள்வி. கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு வாங்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. வாங்கிவிட்டதால் கேள்வி இல்லாமல் போகவும் இல்லை. விசுவாசம் என்றால் மனசுக்குள் சந்தேகமே எழக்கூடாது என்று நினைத்துத் தங்களையே குற்றப்படுத்திக்கொள்கிற நிறையப் பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்த ஜெபத்தைக் காட்டணும். மனசு தடுமாறும்போதும் கை பணத்தை எண்ணிக் கொடுத்திருந்தது.

எரேமியா அந்த நிலத்தில் ஒருநாளும் உழவில்லை. நகரம் விழுந்த பிறகு, மிச்சம் இருந்த கூட்டம் அவரையும் எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கிருந்து அவர் திரும்பி வந்ததாகப் பைபிளில் இல்லை.

அப்புறம் என்ன நடந்தது?

கி.மு. 539-ல் பெர்சிய ராஜா கோரேஸின் படை பாபிலோனுக்குள் நுழைந்தது. அடுத்து வந்த உத்தரவின்படி யூதர்கள் திரும்பத் தொடங்கினார்கள். 1879-ல் பாபிலோனில் கிடைத்த கோரேஸ் உருளையில் யூதர் பெயரோ எருசலேமின் பெயரோ இல்லை. ஆனால் பாபிலோன் பிடுங்கி வந்த தெய்வங்களையும் மக்களையும் அவரவர் இடத்துக்கு அனுப்பிய கொள்கை அதில் எழுதியிருக்கிறது.

எழுபது என்பது சரியாக எங்கிருந்து எதுவரை என்பதில் பல கணக்குகள் உண்டு. அசீரியாவின் கடைசி மிச்சம் விழுந்த கி.மு. 609-லிருந்து 539 வரை எண்ணினால் எழுபது. ஆலயம் அழிந்த 586-லிருந்து மறுபடி கட்டி முடித்த 515 வரை எண்ணினால் எழுபத்தொன்று. 597-ல் போனவர்களின் சொந்தக் காத்திருப்பை எண்ணினால் அறுபதுக்குக் கொஞ்சம் குறைவு. எப்படி எண்ணினாலும் அனனியாவின் இரண்டு வருஷம் வராது.

திரும்பியவர்களின் பட்டியல் எஸ்றா 2-ல் இருக்கு. ஊர் ஊராக எண்ணிக்கை போட்ட, யாரும் சபையில் வாசிக்காத அதிகாரம். 23-ம் வசனத்தில் ஒரு பதிவு: ஆனதோத் ஊரார், 128 பேர்.

பானைக்குள் பத்திரம் வைத்த அதே ஆனதோத்.

அப்படியானால் அட்டையை என்ன செய்வது?

எங்கள் சபையில் ஒரு அக்கா. அவருடைய வீட்டுக்காரருக்கு நோய் முற்றியிருந்த வருஷத்தில் இந்த வசனம்தான் அட்டையில் வந்தது. ஜெபித்தார்கள், சபையே ஜெபித்தது. ஆகஸ்டில் அவர் போய்விட்டார். சில மாதம் கழித்து அந்த அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, அப்போ வசனம் பொய்யா? இல்லைன்னா என் விசுவாசம் பத்தலையா?"

அவருக்குக் கிடைத்த வழிகள் இந்த இரண்டுதான். கடவுள் ஏமாற்றினார், அல்லது நான் தவறினேன். இரண்டும் கொடூரம். இரண்டாவதைச் சில பேர் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்கள்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அந்தக் கடிதம் சொல்லாத ஒன்றை அதன் தலையில் நாம் ஏற்றிவிட்டோம். ஒரு தனி மனிதரின் நோய் இந்த வருஷம் குணமாகும் என்று அந்த வசனம் எங்கும் சொல்லவில்லை. அது சொன்னது: ஜனத்தைக் கைவிட மாட்டேன், கதை பாபிலோனில் முடியாது. அந்தக் கடிதத்தை நம்பிச் செத்தவர்கள் ஏமாந்துபோனவர்கள் இல்லை, விசுவாசம் குறைந்தவர்களும் இல்லை. எபிரெயர் 11-ம் அதிகாரம் ஆபிரகாம் தொடங்கி ஒரு நீண்ட பட்டியல் போட்டு, இவர்கள் வாக்குப்பண்ணப்பட்டதைக் கையில் அடையாமல், தூரத்திலே கண்டு, நம்பி இறந்தார்கள் என்று மரியாதையோடு சொல்கிறது.

இதைத்தான் அந்த அக்காவிடம் சொன்னேன். அவர் சமாதானமாகிவிட்டார் என்றெல்லாம் எழுத மாட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார்.

வாக்குகளைப் பிரித்துப் படிக்க எனக்கு உதவுகிற கேள்விகள் நாலு.

1. யாருக்குச் சொன்னது? எசேக்கியா ராஜாவுக்கு ஆயுள் பதினைந்து வருஷம் கூட்டப்பட்டது, அது எசேக்கியாவுக்கு. சாராளுக்கு முதிர்வயதில் பிள்ளை, அது சாராளுக்கு. இவற்றிலிருந்து கடவுள் எப்படிப்பட்டவர் என்று கற்றுக்கொள்ளலாம். நம் பெயருக்கு மாற்றி எழுதிக்கொள்ள முடியாது.

2. நிபந்தனை உண்டா? உபாகமம் 28-ன் ஆசீர்வாதங்கள் கீழ்ப்படிந்தால் என்று தொடங்குகின்றன. அந்த முதல் பாதியை வெட்டிவிட்டு அச்சடித்தால் அது வேறு வாக்கியம்.

3. காலம் சொல்லியிருக்கிறதா? எழுபது வருஷத்தை டிசம்பருக்குள் அடக்க முடியாது.

4. கிறிஸ்துவின் வழியாக அது எனக்கு எப்படி வருகிறது? கடவுளின் வாக்குகள் எல்லாம் கிறிஸ்துவில் ஆம் என்று ஆகின்றன என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதினார். மன்னிப்பு, கூடவே இருப்பது, உயிர்த்தெழுதல் ஆகியவை எல்லா விசுவாசிக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டவை. மத்தேயுவின் கடைசி வசனம் உலக முடிவுவரை கூட இருப்பதைச் சொல்கிறது. அதற்கு அட்டை குலுக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த அக்காவுக்கும் அது பொருந்தும், அவருடைய வீட்டுக்காரருக்கும் பொருந்தும்.

இன்னொரு விஷயம். வனாந்தரச் சோதனையில் சாத்தான் இயேசுவிடம் 91-ம் சங்கீதத்தின் வாக்கை எடுத்துக் காட்டித்தான் ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னான். வசனம் சரி, அதைப் பயன்படுத்திய விதம் தப்பு. இயேசு குதிக்கவில்லை. கடவுளைச் சோதித்துப் பார்ப்பது வேறு, நம்புவது வேறு என்று பதில் சொன்னார்.

அட்டை எடுக்கும் பழக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொராவியக் கிறிஸ்தவர்கள் நாளுக்கு ஒரு வசனம் என்று சீட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்து, 1731 முதல் வருஷா வருஷம் புத்தகமாக அச்சிட்டு வருகிறார்கள். லண்டனில் ஸ்பர்ஜன் 1888-ல் வாக்குத்தத்தங்களை வங்கிக் காசோலைக்கு ஒப்பிட்டு, நாளுக்கு ஒன்றாக ஒரு புத்தகமே போட்டார். ஒரு வசனத்தை வருஷம் முழுக்கக் கூடவே வைத்துக்கொள்வது நல்ல விஷயம்தான். காசோலையை வங்கியில் நீட்டுவதற்கு முன்னால் அதில் எழுதியிருக்கும் பெயரையும் தேதியையும் பார்ப்போம் இல்லையா, அதை இதிலும் செய்தால் போதும்.

எனவே இந்த வருஷம் உங்கள் கையில் 29:11 வந்தால், அந்த அதிகாரத்தை 1-ம் வசனத்திலிருந்து 14 வரை படியுங்கள். கையோடு 28-ஐயும் 32-ஐயும் படியுங்கள். மொத்தம் அரை மணி நேரம் ஆகாது. படித்துவிட்டு 5, 6, 7 வசனங்களில் சொல்லியிருப்பதில் எது உங்கள் தெருவில், உங்கள் அலுவலகத்தில் செய்யக்கூடியது என்று பாருங்கள். நீங்கள் பார்க்கப் போகாத ஒரு வருஷத்துக்காக இன்றைக்கு ஒரு மரக்கன்று வைப்பதும் அந்தக் கடிதத்தின்படி விசுவாசம்தான்.